வில்லன் கத்தினா பயம் வராது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல பழைய கௌபாய் பட வில்லன்களப் பத்தி வந்த கட்டுரைய வாசிச்சன். நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா வில்லன் எண்டா முகமே கொடூரமா இருக்கோணும் எண்டு எழுதியிருந்தாங்களே, அத மட்டும் ஏத்துக்க ஏலாம இருக்கு.

1968ல வந்த ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட் படத்த எடுங்களன். வில்லன் ஹென்றி ஃபோண்டா, அதுக்கு முதல் லிங்கனாக் கூட நடிச்ச மனுசன். வில்லன் வேசம்தானே எண்டு மீசையும் வளத்து, நீலக் கண்ண மறைக்க லென்ஸும் போட்டுட்டு வந்தாராம், டைரக்டர் லியோனி ரெண்டையும் வேணாமெண்டுட்டார். அவருக்கு அந்த நீலக் கண்தான் வேணும். ஒரு குடும்பத்தையே சுட்டுப்போட்டு மிச்சமா நிக்கிற சின்னப் பொடியனப் பாத்து அந்தக் கண் சிரிக்குது, கூட வந்தவன் வாய் தவறி இவன்ட பேரச் சொன்னதுக்காக அந்தப் பிள்ளையையும் சுடுறான். நான் முதல் தரம் டெக்குல பாக்கக்குள்ள டிவிய நிப்பாட்டிட்டு வெளிய போய்க் கொஞ்ச நேரம் நிண்டன்.

மற்றது, வில்லன் வாறதுக்கு முதலே பயம் வந்திரணும். எங்கட வடமோடிக் கூத்துல துரியோதனன் வட்டக்களரிக்கு, அதான் கூத்தாடுற வட்ட மேடைக்கு, வரக்குள்ள மத்தளமும் சல்லரியும் அடிக்கிற அடியில மடியில படுத்திருக்கிற பிள்ளையும் எழும்பிரும், அதுதான் வரவு. 1952ல வந்த ஹை நூன்ல படம் முழுக்க வரவுதான், ஆளக் காணல்ல! பன்னிரண்டு மணிக் கோச்சியில, அதான் ரயில்ல, வில்லன் ஃபிராங்க் மில்லர் வாறானாம், அவ்வளவுதான், ஊரே கதவப் பூட்டுது. (நம்மட பக்கம் வாற கோச்சியெண்டா அவனோட மோத நிக்கிற ஊர்க் காவல் அதிகாரி மார்ஷல் ஆறுதலா சாப்பிட்டுட்டே சண்டைக்குப் போயிருக்கலாம்.) ஷேன் எண்ட படத்துல வில்லனா வாற ஜாக் பேலன்ஸும் அப்படித்தான், கதைக்கிறது கொஞ்சம், சேத்துல வழுக்கி நிக்கிற ஒரு விவசாயிக்கு முன்னால கையுறையப் போட்டுட்டு சிரிச்சிட்டு நிக்கிறான், சுடுறத விட அந்த நிப்புத்தான் பொல்லாதது. இப்பத்த படங்கள்ல வில்லன்மார் பக்கம் பக்கமா டயலொக் அடிக்கிறாங்க, எனக்கெண்டா நித்திர வருது.

கடைசியா ஒண்டு. ஹை நூன்ல ஸ்டேஷன்ல மில்லருக்காகக் காத்திருக்கிற மூண்டு பேர்ல ஒருத்தன் ஒரு சொல்லும் பேசாம மவுத் ஓர்கன் வாசிச்சிட்டு இருப்பான், லீ வேன் கிளீஃப். 14 வருசத்தால த குட் த பேட் அண்ட் த அக்லி வரக்குள்ள அந்த மனுசன்தான் பேட், அதாவது வில்லன், தான் சுடப் போற வீட்டுக்காரனுக்கு முன்னாலயே குந்தி அவன்ட சாப்பாட்ட எடுத்து ஆறுதலாத் திங்கிறான். ஒரு முழுப் பக்கக் கட்டுரையில அந்தாள்ட பேர் ஒரு இடத்திலயும் இல்ல ஐயா, அதப் பாத்த கோவத்துலதான் பேனைய எடுத்தன்.

இப்படிக்கு,
கல்லடியில இருந்து ஒரு வாசகன்