பாட்டோடு எங்கள் பெயரும் போகட்டும்: சென்னை மியூசிக் லைப்ரரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மியூசிக் லைப்ரரி நடத்துகிறவர்களுக்கும், அவர்களிடம் பாட்டு வாங்கி விளம்பரத்திலும் சீரியலிலும் குறும்படத்திலும் போடுகிறவர்களுக்கும், வணக்கம்.

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடுகிறவள். சினிமாவில் இல்லை. பின்னறையில் மெத்தையைச் சுவரோடு சாய்த்துவைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, ரயில் சத்தம் ஓய்கிற நேரம் பார்த்துப் பதிவு செய்கிற கூட்டத்தில் ஒருத்தி. எங்கள் பாட்டுகளில் பெரும்பாலானவை ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கும். அவற்றுக்கும் ஒரு விலை உண்டு என்று எங்கள் வாசலுக்கு வந்து சொன்னவர்கள் நீங்கள்தான். அதை மறக்காமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் நான்கும் வறண்டுபோனதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் விடியற்காலை நான்கு மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுப்போம். அந்த வரிசையில் வந்த பாட்டு ஒன்று. “வரிசையில நிக்குது குடம், வாசல்ல நிக்குது வெயிலு” என்று தொடங்கும். அதற்கு உறுமி வாசித்தவர் புளியந்தோப்பு அண்ணன் ஒருவர். சாவு வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கிறவர். நான்கு மணி நேரம் வாசித்தார். கவரில் 2,000 ரூபாய் வைத்துக் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் யாரும் வாங்குவதில்லை.

இரண்டாவது சுற்று முடியும் இடத்தில் வளைந்த குச்சி தோலில் வழுக்கி ஒரு கீச்சு விழுந்தது. “இன்னொரு டேக் போலாமா?” என்றார். வேண்டாம் அண்ணா, தாகத்துல தொண்டை காய்ஞ்ச மாதிரி இருக்கு, அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்தக் கீச்சு பாட்டில் இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒரு லைப்ரரி அந்தப் பாட்டைக் கேட்டது. 12,000 ரூபாய். மிக்ஸிங் செய்த தம்பிக்கு 8,000 பாக்கி இருந்த நேரம். வாசித்தவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கேட்டது நியாயம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் ஓட்டேரியில் ஒரு சாவு வீட்டு வாசலில் கண்டுபிடித்தேன். வாசித்து முடித்து, பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். லைப்ரரி கொடுத்த சம்மதத் தாள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். எனக்கே பாதிதான் புரிந்தது. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “என் பேரு வருமாம்மா?”

“வரும்ணா” என்றேன். உறுமியின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, ஜமாலியா பக்கம் ஒரு டீக்கடை டிவியில் மனை விற்கிற விளம்பரம் ஒன்று ஓடியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிளாட். பின்னால் உறுமி. எங்கேயோ கேட்டது போலிருக்கிறதே என்று நினைப்பதற்குள் அந்தக் கீச்சு விழுந்தது. என் குரலையும் வரியையும் எடுத்துவிட்டு உறுமியை மட்டும் வைத்திருந்தார்கள். பாட்டோடு ஸ்டெம்ஸ், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி டிராக்காக, கொடுத்தவள் நான்தான். ஒப்பந்தத்திலும் அதற்கு அனுமதி இருந்தது. அதனால் அதைக் குற்றம் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்த லைப்ரரியின் பட்டியலில் தேடினேன். என் பாட்டின் பெயரில் எதுவும் இல்லை. உறுமியை அடையாளம் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனதில் கிடைத்தது: ‘சவுத் இந்தியன் ட்ரைபல் மூட் 3’. எழுதியவர், இசையமைத்தவர் இரண்டு இடத்திலும் நிறுவனத்தின் பெயர். வாசித்தவர் என்று ஒரு இடமே இல்லை.

அந்த அண்ணனிடம் நான் சொன்னது பொய்யாகிவிட்டது. பணத்தை விட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

உங்கள் தொழில் எனக்குப் புரியாமல் இல்லை. லண்டனில் டி வுல்ஃப் 1909இலேயே மௌனப் படங்களுக்கு இசை கொடுக்கத் தொடங்கிய கம்பெனி. அவ்வளவு பழைய வியாபாரம் இது. வடபழனியில் ஒரு எடிட்டர் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, காலையில் போக வேண்டிய விளம்பரத்துக்கு முப்பது விநாடி இசை தேடுகிறார். சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் ஒலிப்பதிவுக்கு ஒருவரிடமும் வரிக்கும் மெட்டுக்கும் இன்னொருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். விலை கேட்டாலே மயக்கம் வரும். எங்கள் பாட்டில் மெட்டு, வரி, மாஸ்டர் என்கிற மூல ஒலிப்பதிவு எல்லாம் ஒரே கையில் இருக்கிறது. ஒரே கையெழுத்தில் வேலை முடிகிறது. நீங்கள் எங்களிடம் வருவதற்குக் காரணமே அதுதான். ஆகவே நாங்கள் உங்களிடம் கைநீட்டி நிற்கவில்லை. விற்கத்தக்க ஒரு பொருளோடு வருகிறோம்.

முதலில் காலக் கணக்கு. இந்த ஊரில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டாலும் 11 மாத அக்ரிமென்ட் போடுகிறோம். கிரயம் என்றால் அது வேறு பத்திரம், வேறு விலை. உங்கள் ஒப்பந்தங்கள் வாடகைப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகின்றன. ‘என்றென்றைக்கும், பிரபஞ்சம் முழுவதும்’ என்று அதில் எழுதியிருக்கும். பதிப்புரிமைச் சட்டம் காலத்தைக் குறிப்பிடாத உரிமை ஒப்படைப்பை 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாததை இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்கிறது. சட்டம் போதும் என்று நினைத்த அளவு அது. ஒரு பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, ஆக்கியவர் இறந்து 60 ஆண்டு வரை நிற்கிறது. 12,000 ரூபாய்க்கு நான் எழுதிக் கொடுத்தது என் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்குமான சொத்தை. மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ போடுங்கள். நன்றாக ஓடினால் புதுப்பிக்க நானே ஓடி வருவேன்.

பாட்டின் உரிமை எழுதியவர் கையை விட்டுப் போவது இந்த ஊருக்குப் பழகிப்போன கதைதான். பாரதியார் 1921இல் திருவல்லிக்கேணியில் இறந்தார். அவர் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பிறகு 1949இல் அரசுடைமை ஆகித்தான் அவை எல்லாருக்கும் பொதுவாயின. அவருக்கு ஒரு நாடே குரல் கொடுத்தது. பெரம்பூர் பின்னறைப் பாட்டுக்கு யார் வருவார்கள்? நாங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது ராயல்டி. 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு சினிமாப் பாட்டில் தயாரிப்பாளர் கைதான் ஓங்கியிருந்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவைக்குள்ளேயே போய் வாதாடினார். 2012இல் சட்டம் திருத்தப்பட்டு அந்த ஆண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது மட்டும் விலக்கு. மாற்றி எழுதினால் அந்த எழுத்து செல்லாது. வாசித்தவருக்கும் பாடியவருக்கும்கூட வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்று அதே திருத்தம் சொல்கிறது. அப்படியிருக்க, ‘இனி எந்த ராயல்டியும் கோர மாட்டேன்’ என்ற வரி இன்னும் ஏன் உங்கள் தாள்களில் இருக்கிறது? செல்லாது என்று உங்கள் வக்கீலுக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாது. அந்த வரியின் வேலையே அவரைப் பயமுறுத்தி வாயை மூட வைப்பதுதான். அதை எடுத்துவிடுங்கள்.

இந்த ராயல்டி வந்து சேரும் வழி ஒரு சின்னத் தாள். கியூ ஷீட். எந்த நிகழ்ச்சி, எந்தப் பாட்டு, எத்தனை விநாடி, பின்னணியிலா முன்னாலா, எழுதியவர் யார், இசை யார், பதிப்பாளர் யார் என்று நிரப்புகிற தாள். 1969இலிருந்து இருக்கிற ஐ.பி.ஆர்.எஸ். பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் பணம் பிரித்துத் தருகிற சங்கம். 2017இல் மறுபடி பதிவு பெற்றது. அங்கே நான் உறுப்பினராகச் சேர்ந்து, எண்ணும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் கியூ ஷீட்டில் என் பெயர் இல்லையென்றால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. சீரியல் ஆபீஸ்களில் விசாரித்தேன். “லைப்ரரியிலிருந்து எடுத்ததுக்கெல்லாம் யாரும்மா எழுதுறாங்க?” என்று ஒரு உதவி எடிட்டர் கேட்டார். குறை சொல்லிக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பாட்டை டவுன்லோட் செய்யும்போதே, பெயர்களெல்லாம் நிரப்பிய தாள் ஒன்று கூடவே வந்து விழுகிற மாதிரி நீங்கள் செய்யலாம். நேரத்தையும் நிகழ்ச்சிப் பெயரையும் மட்டும் அவர் எழுதினால் போதும். பெரிய வேலை இல்லை. இதை மட்டும் செய்தாலும் இந்த மடல் எழுதியதற்குப் பலன் உண்டு என்று நினைப்பேன்.

பெயர் மாற்றத்துக்கு வருகிறேன். வேறு தலைப்பில் பதிந்தால் உங்கள் வழியாக வரும் பணத்தைத் தனியே கணக்குப் பார்க்கலாம் என்பீர்கள். ஒரே பாட்டு இரண்டு லைப்ரரியில் இரண்டு பெயரில் கிடந்து, பாட்டின் உரிமையாளரைத் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூபின் கன்டென்ட் ஐடியில் ஒருவர் பதிந்துவைக்க, என் சேனலில் நானே பாடிய வீடியோவுக்கு என் மேலேயே உரிமைக்கோரல் வந்த கூத்தும் நடந்தது. கழற்ற ஆறு வாரம் ஆனது. அதை விடுங்கள். ‘ட்ரைபல்’ என்று யார் முடிவு செய்தது? அது வடசென்னைத் தெருவில், பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவில் பிறந்த பாட்டு. உறுமி என்றாலே காடு, தவில் என்றாலே கல்யாணம், பெண் குரல் என்றாலே சோகம் என்று எங்களைப் போட்டுவைக்கிறீர்கள். தமிழ் எடிட்டர் தேடும் சொற்கள் வேறு: தாலாட்டு, ஒப்பாரி, குத்து, கானா, கும்மி, நடவுப் பாட்டு. இவற்றைத் தமிழ் எழுத்தில் தட்டினால் உங்கள் தளங்களில் ஒன்றும் வருவதில்லை. தலைப்பையும் தேடுசொல்லையும் எங்களிடம் கேளுங்கள். சம்பளம் கேட்காமல் எழுதித் தருவோம். எங்கள் பாட்டு கிடைக்க வேண்டும் என்ற அக்கறை எங்களுக்குத்தானே அதிகம்.

சமீபத்தில் வந்த ஒரு புதிய ஒப்பந்தத்தில் இயந்திரக் கற்றலுக்கும் பயன்படுத்தலாம் என்று பதினான்காவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பாட்டை விளம்பரத்துக்குக் கொடுப்பதும், என்னைப் போலப் பாட ஒரு இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதும் ஒன்றல்ல. அதற்குத் தனித் தாள், தனி விலை, தனிச் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் பாட்டையே நிராகரிக்கக் கூடாது.

என் கூட்டத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாசிக்க வருகிறவரிடம் அன்றைக்கே, அவருக்குப் புரியும் மொழியில், ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெயரை அவர் சொல்கிறபடி எழுதுங்கள். முழுப் பெயர், ஊர், வாத்தியம். நான் செய்யத் தவறியது இது. லைப்ரரியை நான் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுங்கள். ஆங்கிலப் பிரதிதான் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும் சரி, பக்கத்தில் தமிழ் இருக்கட்டும். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ‘இன்று மாலைக்குள் கையெழுத்து’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எந்தப் பாட்டு எங்கே போனது, எவ்வளவு வந்தது என்று ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள். மாதச் சந்தா கட்டி எடுக்கிறவர்கள் கணக்கும் அதில் வர வேண்டும். சந்தாப் பணத்தில் ஒரு பாட்டின் பங்கு எப்படிப் பிரிகிறது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

என்னிடம் இப்போது கேட்பாரில்லாமல் பதினொரு பாட்டுகள் இருக்கின்றன. மூன்றில் அதே அண்ணன் வாசித்திருக்கிறார். ஸ்டெம்ஸ் தயார், வரியில்லாத பிரதி தயார், முப்பது விநாடி, அறுபது விநாடி வெட்டும் தயார். வாசித்தவர்கள் பெயரைத் தமிழில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெயர்களுக்கு உங்கள் பட்டியலில் ஓர் இடம் திறந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அன்று மாலையே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு பாட்டுக்காரி