அப்பாவின் இரத்தத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னவர்களுக்கு

மாரடைப்பு வந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நீர்வேலியில் எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லாருக்கும் இது தெரியும், மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்தவரைக் கண்டதும் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், அம்புலன்ஸ் உள்ளே வர இடம் காணாதென்று மதிலோரம் நின்ற மோட்டார் சைக்கிள்களைத் தூக்கி வைத்த பொடியளுக்கும், ஈசிஜியைப் பார்த்தவுடனே இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்ட டொக்டர்மாருக்கும், அம்மாவைச் சாப்பிட வைத்த பெரியம்மாவுக்கும் எங்கள் நன்றி.

ஆனால் முக்கியமாக நான் நன்றி சொல்ல வந்தது ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு. நோயாளி அவர்களைக் காண்பதே இல்லை. துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும்போது அவர்களைத் தேடிப்போய் ஒருவரும் கையைப் பிடிப்பதும் இல்லை.

மாரடைப்பு வந்த முதல் இரண்டு நாளும் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும் என்ற பயம் அதிகம். இரத்தம் கிடைக்காமல் பழுதான தசையில் மின்னோட்டம் ஒழுங்காகப் பாயாது, அதோடு இரத்தத்தில் பொட்டாசியமும் குறைந்துவிட்டால் இதயத்தின் கீழறைகள் கண்டபடி வேகமாக அடிக்கத் தொடங்கி, சில பேருக்குத் துடிப்பே இல்லாமல் வெறுமனே நடுங்குகிற நிலைக்குப் போய்விடும். அப்பா பிரஷருக்கு நெடுங்காலமாக நீர் போகிற குளிசை போடுபவர், அது பொட்டாசியத்தையும் சேர்த்தே வெளியேற்றிவிடும். முதல் எடுத்த இரத்தத்துக்கு மெஷின் காட்டியது 3.9. சாதாரண அளவு 3.5 முதல் 5 வரை என்பதால் அதைப் பார்த்து ஒருவரும் பயந்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஆய்வுகூடத்தில் நின்ற தங்கச்சி, மேலே தெளிந்து நிற்கிற நீர் சிவந்திருப்பதைக் கண்டு, செவ்வணுக்கள் உடைந்திருக்கின்றன, இந்தக் கணக்கை நம்பேலாது என்று தானே வார்ட்டுக்கு ஃபோன் எடுத்துப் புது இரத்தம் கேட்டார். அணுவுக்குள் இருக்கிற பொட்டாசியம் வெளியே கசிந்தால் அளவு உள்ளதைவிடக் கூடக் காட்டும். நரம்பு பிடிபடாத கையில் எடுக்கும்போது இப்படி ஆவது வழக்கம்தான், அதில் யாருடைய பிழையும் இல்லை.

இரண்டாம் தரம் வந்தது 3.0. மக்னீசியமும் குறைவு. அது குறைந்திருந்தால் பொட்டாசியத்தை எவ்வளவு ஏற்றினாலும் உடம்பில் தங்காதாம், அதனால் இரண்டையும் ஏற்றினார்கள். அது ஏறிக்கொண்டிருந்த இரவில்தான் மொனிற்றரில் கீழறைத் துடிப்பு வரிசையாக ஓடித் தானாகவே நின்றது. மருந்து ஏறியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதை யோசிக்கவும் விருப்பமில்லை. கட்டிலடியை விட்டு அசையாமல் நின்ற நேர்ஸ் அக்கா, உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

இனியும் இப்படி வருமா என்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்லேலாதா என்று கேட்டேன். ஒரு இளம் டொக்டர் இருந்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ட்ரோபோனின் எவ்வளவு தசை பழுதானது என்பதைக் காட்டும், பிஎன்பி இதயச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் காட்டும், இவை கூடினவர்களுக்குத் துடிப்புச் சிக்கலும் கூட வருகிறது, ஆனால் இவருக்கு வரும் இவருக்கு வராது என்று பிரித்துச் சொல்கிற ஒற்றை இரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை என்றார். நெஞ்சுக்குள் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைப்பதா என்பதை எக்கோ என்கிற இதய ஸ்கான் பார்த்துத்தான் யோசிப்பார்களாம்: மயங்கிக் கிடக்கிற தசை தேற 40 நாளாவது விட்டு, அதற்குப் பிறகும் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் இடது கீழறை பம்ப் பண்ணுவது அதில் நிறைந்த இரத்தத்தில் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால். தெரிந்ததையும் தெரியாததையும் ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி, டொக்டர். அதற்குப் பிறகுதான் அம்மா நித்திரை கொண்டார்.

எக்கோவுக்கு வரும் அன்றைக்கு ஆய்வுகூட வாசலுக்கும் வருவோம், தங்கச்சி. தோட்டத்தில் ஒரு கதலிக்குலையை உங்களுக்கென்று அப்பா இப்போதே பார்த்து வைத்திருக்கிறார்.