செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை தபாலில் போய்ச் சேரும். தபால் செலவு வழக்கம்போல் சங்கத்துடையது.

செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கல் விழா நடந்தது. நூலக அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று.

திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிக்குப் போன பயணம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு மாதா கோயிலில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். முதலில், அது மாதா கோயில் அன்று. ஆங்கிலிக்கன் மரபில் எழுந்து, 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கும் திரித்துவ ஆலயம். மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் ஐயர் 1841இல் அந்தச் செம்மணல் பனங்காட்டுக்கு வந்தார். 1847இல் கட்டத் தொடங்கிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டையானது. இடையில் 1856இல் அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே வெளிவந்துவிட்டது, கோயில் முடியவில்லை. எனது சிறுநூல் இரண்டாண்டாக இழுக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கோதிக் பாணி ஜன்னல்களின் கூர்முனை வளைவு உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் புதிது. கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டிக் கட்டவைத்தார் என்பார்கள். நம் உறுப்பினர் ஒருவரின் பேரன் அந்த வளைவைப் பென்சிலால் வரைந்தான். இரண்டு கோடும் உச்சியில் சேராமல் ஏழு முறை அழித்தான்; எட்டாவது படம்தான் நூலின் அட்டை.

பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர். வேன் புறப்பட்டபோது என்னோடு ஒன்பது பேர். வேன்காரர் தலையை எண்ணி வாடகை வாங்குவதில்லை. 1891இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை அங்கிருந்து கொண்டுவந்து இந்த ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வேனில் வரத்தான் நம்மவர்களுக்குத் தூரமாகிவிட்டது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாகின்றன. ‘இதர செலவு’ கூடுதலாகத் தெரிவது அச்சுக் காகிதத்துக்கான முன்பணம். செயற்குழுவைக் கேட்காமல் கொடுத்தது உண்மை. காகித விலை நம் கூட்டத் தேதிக்குக் காத்திருப்பதில்லை. சந்தா பாக்கி 23 பேர். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ளது.

தணிக்கையாளருக்கும், மண்டபம் தந்த பள்ளிக்கும், உச்சி வெயிலில் முகம் சுளிக்காமல் ஆலயக் கதவைத் திறந்துவிட்ட ஆலயப் பணியாளர் கோயில்குட்டியாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை வேறொருவர் ஏற்றால் கைப்பிரதியை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். காகிதம் வந்துவிட்டது, அச்சுக்கூலிதான் சேரவில்லை. நன்கொடைப் புத்தகம் பொருளாளரின் மேசையில் இருக்கிறது, பேனாவோடு.

செயலாளர்