கொத்தனாரின் கைப்பேசிக்கு ஒரு பாடம் செய்து கொடுங்கள்

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தில் கட்டுமானப் பாடங்களை உருவாக்குபவர்களுக்கு வணக்கம்.

வேதாரண்யம் பக்கம் வீடு கட்டும் வேலையை மேற்பார்வை பார்ப்பவன் நான். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியபோது, நான் நின்று போட வைத்த ஒரு கூரையும் போய்விட்டது. வெளிச்சம் வந்ததும் ஓடிப் பார்த்தேன். சுவரில் விரிசல் இல்லை. கூரை ஷீட்டைப் பைப்போடு பிடித்து வைக்கும் கொக்கி மாதிரியான ஜே போல்ட்டுகள் இரும்புப் பைப்பில் மாட்டியபடியே இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிமெண்ட் ஷீட்டின் ஒரு சில்லு மட்டும் தொங்கியது.

காற்று கூரையை அமுக்கும் என்றே நாங்கள் நம்பியிருந்தோம். மேலே மணல் மூட்டை வைப்பதும் அதனால்தான். ஆனால் புயல் கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஓரத்திலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். காற்று வரும் பக்கத்து ஜன்னல் உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். நாங்களோ நடுவில் போட்ட அதே இடைவெளியில்தான் ஓரத்திலும் போல்ட் போட்டிருந்தோம்.

சிறு வீடுகளைப் புயலுக்குத் தாங்கும்படி கட்ட ஐ.எஸ். 15498 என்ற இந்தியத் தர நிர்ணய வழிகாட்டி 2004லேயே வந்துவிட்டது. அது எங்கள் கொத்தனார் கைக்கு வந்து சேரவே இல்லை. அப்புறம் ஒரு பயிற்சிக்குப் போனோம். இரண்டு நாளும் திரையில் ஆங்கிலத்தில் படங்கள் ஓடின. முப்பது வருஷம் கரண்டி பிடித்தவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் திரும்பினார்கள். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

கைப்பேசியில் ஒரு வீடு வரட்டும். கொத்தனார் தன் விரலாலேயே போல்ட்டுகளை வைக்கட்டும், காற்றை ஏற்றட்டும். எந்த மூலை முதலில் கிளம்புகிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கியை 135 டிகிரிக்கு உள்ளே மடக்காமல் 90லேயே விட்டால், நிலநடுக்கத்தில் அது எப்படி விரிகிறது என்பதையும் இப்படியே காட்டலாம். புத்தகச் சொல் வேண்டாம், ரிங்கை எங்களைப் போல ரிங் என்றே சொல்லுங்கள். குரலில் பேசட்டும், இணையம் இல்லாமலும் ஓடட்டும். கூடுதல் போல்ட்டுக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்பதும் திரையில் தெரியட்டும். "எதுக்கு இத்தனை போல்ட்?" என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, கொத்தனார் அதையே எடுத்துக் காட்டுவார்.

வெளியிடும் முன் ஒருமுறை எங்கள் சைட்டுக்கு வாருங்கள். பத்தரை மணி டீக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.