டேபிள் பெயரை மாற்றும் முன்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். பில்லிங் டேட்டாபேஸில் பில்_ஐட்டம் டேபிளின் பெயரை மாற்றப்போவதாகவும், அதைப் பயன்படுத்தும் ப்ரொசீஜர்களை (சர்வரிலேயே சேமித்து வைத்த கோடு) இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் ரொட்டீன்ஸ் வியூவில் (டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரம் தரும் பட்டியல்) தேடியதில் 3-தான் அகப்பட்டது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த 3-ஐ நம்பி இறங்கிவிடாதே.

எஸ்கியூஎல் சர்வரில் அந்த வியூவின் ரொட்டீன்_டெஃபினிஷன், கோடின் முதல் 4000 எழுத்துகளை மட்டுமே தரும். மீதியை வெட்டிவிடும், எரரும் வராது. உங்களுடையது போன்ற பில்லிங் ப்ரொசீஜர்களில் முதல் 4000 எழுத்து டிக்ளேர் வரிகளுக்கும் சரிபார்ப்புக்குமே போய்விடும். டேபிளைத் தொடும் அப்டேட் அதற்குக் கீழேதான் இருக்கும். போதாததற்கு, அதில் ட்ரிகரும் (டேபிளில் மாற்றம் நடந்தால் தானே ஓடும் கோடு) வியூவும் (பெயரிட்டுச் சேமித்த தேடல்) கிடையாது.

அதற்குப் பதில் சிஸ்.எஸ்கியூஎல்_மாட்யூல்ஸ் என்ற சிஸ்டம் வியூவில் தேடு. முழு கோடும் அங்கே இருக்கிறது, ட்ரிகர், வியூ உட்பட. எல்லா ஆப்ஜெக்டுகளையும் பட்டியலிடும் சிஸ்.ஆப்ஜெக்ட்ஸோடு ஆப்ஜெக்ட்_ஐடி வைத்து ஜாயின் செய்தால் பெயரும் வகையும் வந்துவிடும்: பி என்றால் ப்ரொசீஜர், எஃப்என் ஒற்றை மதிப்பு தரும் ஸ்கேலார் ஃபங்ஷன், ஐஎஃப், டிஎஃப் இரண்டும் டேபிள் தரும் ஃபங்ஷன்கள், டிஆர் ட்ரிகர். எழுத்துப் பொருத்தம் தேடும் லைக் எழுதும்போது டேபிள் பெயரில் உள்ள அடிக்கோட்டைச் சதுர அடைப்புக்குள் போடு. இல்லாவிட்டால் அந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் பொருந்திவிடும். கோடு வர வேண்டிய டெஃபினிஷன் நல் (வெற்று) என்று வரும் வரிகளைத் தனியாக எடுத்து வை. அவை என்கிரிப்ஷனோடு (கோடை மறைத்து) உருவாக்கியவையாக இருக்கலாம். உன் லாகினுக்குக் கோடைப் பார்க்கும் வியூ டெஃபினிஷன் அனுமதி இல்லாவிட்டாலும் நல் வரலாம். அனுமதியை முதலில் சரிபார், அதுதான் சுலபம்.

அடுத்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் சிஸ்.எஸ்கியூஎல்_எக்ஸ்ப்ரஷன்_டிபென்டன்சீஸையும் பார். கமென்டில் மட்டும் பெயர் இருக்கும் ப்ரொசீஜர்களைக் கழிக்க அது உதவும். ஆனால் டைனமிக் எஸ்கியூஎல் (ஓடும்போது எழுத்துகளாகக் கட்டி இயக்கும் கோடு) அதன் கண்ணுக்குத் தெரியாது. அதை லைக் தேடல்தான் பிடிக்கும். டேபிள் பெயரைத் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்திருந்தால் லைக்கும் தோற்கும். அதனால் அப்படிக் கட்டிய கோடை இயக்கும் எஸ்பி_எக்சிக்யூட்எஸ்கியூஎல் வரும் ப்ரொசீஜர்களைக் கண்ணால் படித்தே தீர வேண்டும். நேரம் வைத்துத் தானே ஓடும் ஏஜென்ட் ஜாப்களின் கோடு எம்எஸ்டிபி டேட்டாபேஸில் சிஸ்ஜாப்ஸ்டெப்ஸ் டேபிளில் கிடக்கிறது, மறந்துவிடாதே.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ப்ரொசீஜரை உருவாக்கும்போது டேபிள் இல்லாவிட்டாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும், ஓடும்போதுதான் தேடும். ஆகவே பெயர் மாற்றிய அன்று எல்லாம் அமைதியாக இருக்கும், மாதக் கடைசிக் கணக்கு ஓடும்போது விழும்.

ப்ரொசீஜர்களின் பெயரையும் மாற்றுவதாக இருந்தால் பெயர் மாற்றும் கட்டளையான எஸ்பி_ரீநேம் வேண்டாம். ஆப்ஜெக்ட் பெயர் மாறும், மாட்யூல்ஸில் உள்ள கோடில் பழைய கிரியேட் ப்ரொசீஜர் வரி அப்படியே நிற்கும். ட்ராப் செய்து புதிதாக உருவாக்கி, எக்சிக்யூட் அனுமதிகளை மறுபடி கொடுத்துவிடு. பழைய கோடை, அதைக் காட்டும் கட்டளையான எஸ்பி_ஹெல்ப்டெக்ஸ்டிலிருந்து காப்பி செய்யாதே, 255 எழுத்துக்கு மேல் நீண்ட வரியை அது உடைத்துவிடும்.

இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கே ஃபங்ஷன், ப்ரொசீஜர் பட்டியலான பிஜி_ப்ராக் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் வேறு வேறு ஆர்க்யுமென்டோடு பல ஃபங்ஷன்கள் இருக்கலாம், எனவே பெயரை வைத்து எண்ணாதே, ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி எண்ணான ஓஐடியை வைத்து எண்ணு. ஃபங்ஷனா ப்ரொசீஜரா என்று வகை சொல்லும் ப்ரோகைண்ட், போஸ்ட்கிரெஸ் பதிப்பு 11-இல்தான் வந்தது. முழு கோடும் வேண்டுமானால் பிஜி_கெட்_ஃபங்ஷன்டெஃப் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடு.

மாட்யூல்ஸ் தேடல் முடிந்ததும் பட்டியலை அனுப்பு, ட்ரிகர்களை நானும் ஒருமுறை பார்த்துத் தருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்