பபூன் குரங்குங்களப் படம் எடுக்க வர்ற மகளுக்கு

கண்ணு,

நீ இந்த மாதிரி எடுக்கணும்னு அனுப்புன படமெல்லாம் பாத்தேன், பாதிக்கு மேல ஆண் பபூன் வாயப் பொளந்து பல்லக் காட்டுறதுதான். கொட்டாவின்னு நெனச்சுக்காத, பக்கத்துல இன்னொரு ஆண் நின்னுட்டிருக்கும், பெரும்பாலும் அதுக்குக் காட்டுற மெரட்டல். அந்தப் படம் யாரு வேணா எடுப்பாங்க. மொறைக்கும்போது புருவத்த மேல தூக்கும் பாரு, அப்ப கண்ணிமை மட்டும் வெளுப்பா பளிச்சுனு தெரிஞ்சு மறஞ்சுரும், முடிஞ்சா அதப் புடி.

டிசம்பர்ல நீ வந்ததும் நைரோபில சும்மா உக்காராம நேரா அம்போசெலி போயிரலாம், அதும் இந்தக் கென்யாவுல இருக்குற வனவிலங்குப் பூங்காதான். அங்க 1971லருந்து பபூன்கள ஒன்னொன்னா அடையாளம் தெரிஞ்சு பாத்துட்டு வர்றாங்க, ஜீன் ஆல்ட்மன், ஸ்டூவர்ட் ஆல்ட்மன்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு ஆரம்பிச்சது, இப்ப பாட்டி, அம்மா, பேத்தின்னு தலைமுறைக் கணக்கே இருக்கு. பொட்டைங்க பொறந்த கூட்டத்துலயே இருந்துக்கும், ஆணுங்கதான் பெருசானதும் வேற கூட்டத்துக்குப் போயிரும், நம்மூருக்கு நேர் தலைகீழ். அம்மாவுக்கு என்ன அந்தஸ்தோ மகளுக்கும் கிட்டத்தட்ட அதேதான், அதனால பொடிசு ஒன்னு பெரிய பொட்டைய வெரட்டுனா ஆச்சரியப்படாத, அது பெரிய வூட்டுப் புள்ள.

காலைல நேரத்துலயே போயிரணும். ராத்திரி மஞ்சப்பட்டை வேலமரத்து மேல தூங்கிட்டு எறங்குனதும் ஒடனே மேயப் போகாது, வெயில் காஞ்சுட்டு ஒன்னுக்கொன்னு பேன் பாத்துட்டு உக்காந்திருக்கும். அந்த நேரம் கேமராவ மடில வெச்சுட்டு யாரு யாருக்குப் பாக்குதுன்னு கவனி. போன தடவ ஒரு தாயி மடில கன்னங்கரேல்னு ஒரு குட்டி, காது மட்டும் ரோஸ் கலரு, இன்னொரு பொட்டை வந்து அந்தம்மா முதுக நெறைய நேரம் நோண்டிக் குடுத்துட்டு மெல்ல கைய நீட்டி குட்டி கால ஒரு இழு இழுத்துப் பாத்துச்சு, வந்ததே அதுக்குத்தான். குட்டிய எடுக்கும்போது எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் ஏத்திக்கோ, அதாவது வெளிச்சத்த ரெண்டு மடங்காக்கிக்கோ, அங்க மண்ணு வெளுப்பு, இல்லாட்டி மொகமே தெரியாது, கரிக்கட்டையாட்டம் வரும்.

அப்பறம் வண்டில தின்பண்டப் பொட்டலத்தப் பிரிக்காத. பிக்னிக் எடத்துல இருக்கறதுங்க டூரிஸ்ட்டுங்க போட்டுப் போட்டுக் கெட்டுப்போச்சு, கண்ணாடி ஒரு சாண் எறங்கியிருந்தா கை உள்ள வந்துரும், அந்தக் கோரப்பல்லுக்கு முன்னாடி பைய இழுத்துப் புடிச்சு வீரம் காட்ட வேண்டாம். அம்மாகிட்ட முறுக்கு சேத்தியே சுட்டுக் குடுத்துவிடச் சொல்லு, வூட்ல வெச்சுத் திங்கலாம்.

அப்பா