பதிவேட்டில் தலைவலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் ஆணுறைப் பெட்டி வைக்கலாமா கூடாதா என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் இரண்டு வாரமாக நடக்கும் வாக்குவாதத்தைப் படித்து வருகிறேன். வைத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள் சிலர். வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். இதில் யாருமே அந்தப் பெட்டியை ஒரு தடவைகூட நிரப்பிப் பார்த்தவர்கள் இல்லை என்பது கடிதங்களைப் படித்தாலே தெரிகிறது. நான் நிரப்பியிருக்கிறேன். ஒரு கல்லூரியின் மருத்துவ அறையில் 14 ஆண்டுகள் செவிலியராக இருந்து, போன ஆண்டு ஓய்வு பெற்றவள்.

முதலில் பெட்டிக் கதை. நிர்வாகத்திடம் இரண்டு ஆண்டுகள் நடையாய் நடந்து வாங்கிய அனுமதி அது. மருத்துவ அறைக்கு வெளியே, வராந்தாச் சுவரில் மாட்டினார்கள். நேர் எதிரே அலுவலக ஜன்னல். 100 ஆணுறைகள் போட்டு வைத்தேன். மூன்று மாதம் கழித்து எண்ணினால் 97. குறைந்த மூன்றில் ஒன்று, வகுப்பில் காட்டுவதற்காக நானே எடுத்தது. “பாத்தீங்களா சிஸ்டர், நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையே இல்ல” என்று அலுவலகத்தில் ஒரே சந்தோஷம். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் ஆள் வைத்துப் பெட்டியைக் கழற்றி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கழிப்பறைக்குள் மாட்டினேன். பெண்கள் பக்கத்துக்கும் தனியாக ஒன்று. ஒன்பதாம் நாள் பார்த்தால் இரண்டும் காலி.

அதில் சிலவற்றை ஊதிப் பறக்கவிட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஒன்று முதல்வர் அறை வாசல்வரை உருண்டு வந்து, என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். ஐஎஸ்ஓ 4074 என்ற சர்வதேசத் தரவிதிப்படி, நடுத்தர அகலமுள்ள ஆணுறை குறைந்தது 18 லிட்டர் காற்றையாவது தாங்கியாக வேண்டும், தொழிற்சாலையிலேயே தொகுப்புக்குச் சிலவற்றை இப்படி ஊதி வெடிக்கவைத்துத்தான் சோதிக்கிறார்கள், பையன்கள் அதைச் சம்பளமில்லாமல் செய்திருக்கிறார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பெட்டி காலியானதும் என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். அதுதான் நான் செய்த தவறு. அடுத்த பருவம் தொடங்கியதுமே ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். “கிழிஞ்சிடுச்சு சிஸ்டர்.” “உள்ளயே கழண்டுடுச்சு சிஸ்டர்.” எங்கள் படிப்பில் ஒரு கணக்கு உண்டு. ஆணுறையை மட்டுமே நம்பியிருக்கும் 100 பெண்களில், ஒவ்வொரு தடவையும் பிசகில்லாமல் பயன்படுத்தினால், ஓராண்டில் 2 பேர் கருத்தரிப்பார்கள். மனிதர்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிற லட்சணத்தில் 13 பேர். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 85 பேர். அந்த 85-ஐ 13 வரை கொண்டுவருவதற்குப் பெட்டி போதும். அதற்குக் கீழே இறக்க யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாக வேண்டும். நடுவில் விட்டுப்போகும் அந்த 11 பேரைப் பற்றி உங்கள் பகுதியில் ஒருவரும் எழுதவில்லை. அவர்கள்தான் என் அறைக்கு வருகிறவர்கள்.

ஒரு பையன் மூன்றாம் ஆண்டில் வந்தான். முதலாம் ஆண்டில் இரண்டு ஆணுறை வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கிறான். ஒன்று கிழிந்துபோய், மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். காலாவதித் தேதி தாண்டவில்லை. ஆனால் மேலுறையை விரலால் அழுத்தினால் உள்ளே இருக்க வேண்டிய காற்றுமெத்தை இல்லை. ஓரத்தில் எங்கோ பொத்தல். இரண்டு வருடம் அதன்மேல் உட்கார்ந்தே பாடம் கேட்டிருக்கிறான். உடம்புச் சூட்டிலும் உராய்விலும் ரப்பர் என்ன ஆகும்? தேதி பார்ப்பதோடு, அந்தக் காற்று நிற்கிறதா என்றும் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

இன்னொருவன் ரொம்பப் பயந்தவன். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒன்றோடொன்று உரசிக் கிழிகிற வாய்ப்புதான் கூடும். ஒரு பெண், வறட்சியாக இருந்ததால் கைக்குப் பூசும் லோஷனை எடுத்ததாகச் சொன்னாள். எண்ணெய்ப் பசையுள்ள எதுவுமே, அது பெட்ரோலியம் ஜெல்லி ஆனாலும் தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆனாலும், ஆணுறை செய்யும் ரப்பரான லேட்டக்ஸைச் சில நிமிடங்களில் நைய வைத்துவிடும். தண்ணீர் அல்லது சிலிகான் கலந்த ஜெல்தான் அதற்குச் சரி. லேட்டக்ஸே ஒத்துக்கொள்ளாமல் அரிப்பவர்களுக்குப் பாலியூரித்தேனில் செய்தது கிடைக்கிறது.

ஆனால் நான் அதிகம் கேட்ட வாக்குமூலம் இவை எதுவும் இல்லை. “கடைசி நேரத்துல போட்டுக்கிட்டோம் சிஸ்டர்” என்பதுதான். அதற்குள் நோய் தொற்றியிருக்கலாம், விந்தும் கொஞ்சம் கசிந்திருக்கலாம். அடுத்தது, தலைகீழாக வைத்துவிட்டு, உருளவில்லை என்றதும் அதையே திருப்பிப் போடுவது. ஒரு பக்கம் உடம்பில் பட்டுவிட்டதைத் திருப்பிப் போடக் கூடாது, தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும். அதனால்தான் எடுக்கும்போதே இரண்டாக எடுங்கள் என்று பெட்டிமேல் எழுதி ஒட்டினேன். அப்புறம், முடிந்த பிறகு அப்படியே கிடப்பது. தளர்வதற்கு முன்பே, அடிவளையத்தை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். கழன்றுவிட்டது என்று வந்தவர்களில் அநேகம் பேர் இதைச் செய்யாதவர்கள்.

இதையெல்லாம் படம் போட்டு விளக்கிப் பிரயோசனமில்லை என்று சீக்கிரமே புரிந்தது. மரத்தில் கடைந்த ஆணுறுப்பு மாதிரி ஒன்றை வாங்கினேன். வாரம் ஒருநாள் மாலை, விருப்பமுள்ளவர்கள் மட்டும். முதல் தடவை விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் அழகாகச் செய்துவிட்டார்கள். நுனியில் காற்று தங்காமல் பிடித்துக்கொண்டு அடிவரை உருட்ட வேண்டும், அவ்வளவுதானே. பிறகு விளக்கை அணைத்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன். ஒருத்தி பல்லால் மேலுறையைக் கடித்தாள். ஒருவன் உறையைக் கீழே போட்டுவிட்டுத் தேடினான். ஒருவன் தலைகீழாக வைத்து ஐந்து நிமிடம் போராடினான். சிரிப்புச் சத்தம் வராந்தாவரை கேட்டதாகப் புகார். அன்று கற்றுக்கொண்டதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

அந்த வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றாள். “நானே கொண்டுபோனா அவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான் சிஸ்டர்?” என்று கேட்டாள். செய்முறையில் மற்ற எல்லாரையும்விட நேர்த்தியாகச் செய்தவள் அவள்தான். என்னிடம் உடனே பதில் இல்லை. பையன் வைத்திருந்தால் விவரமானவன், பெண் வைத்திருந்தால் வேறு பெயர். இந்தக் கணக்கை ஒரு செவிலியர் மாற்றிவிட முடியாது. “நீ எடுத்து நீட்டி, அவன் மூஞ்சியைத் திருப்பினான்னா, அவனைப் பத்தி நீ என்ன நினைக்கணும்னு யோசி” என்றேன். இது இல்லாமல் முடியாது என்று அவள் சொல்லலாம், எதுவுமே வேண்டாம் என்றும் சொல்லலாம், போட்டதை அவளுக்குத் தெரியாமல் கழற்றினால் அது துரோகம் என்றும் சேர்த்துச் சொன்னேன். பெண்ணே அணியும் பெண்ணுறை இருப்பதையும் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். எடுத்துப்போனாளா என்று எனக்குத் தெரியாது. யார் எடுத்தார்கள் என்று பார்க்காமல் இருப்பதற்காகத்தானே பெட்டியையே உள்ளே மாட்டினேன்.

பார்க்காமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறொரு பெண். ஆணுறை கிழிந்து நான்காம் நாள் வந்தாள். ஏன் இத்தனை நாள் என்று கேட்டதற்கு மேசைமேல் கிடந்த பதிவேட்டைக் காட்டினாள். பெயர், துறை, வகுப்பு, வந்த காரணம் என்று நான்கு கட்டங்கள். மாதக் கடைசியில் அது துறைத் தலைவர்களிடம் போகும். அதை நினைத்தே மூன்று நாள் தூங்கவில்லை அவள். லெவோனார்ஜெஸ்ட்ரெல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நல்லவேளையாக, அதையும் தாண்டியவர்களுக்கு ஐந்து நாள்வரை யூலிபிரிஸ்டால் மாத்திரையோ கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியோ உண்டு. அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். அன்றிலிருந்து காரணம் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ‘தலைவலி’ என்றே எழுதினேன். விதிமீறல்தான். ஓய்வு பெற்றுவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்: என் பதிவேட்டில் உள்ள தலைவலிகளில் பாதி தலையில் வந்தவை அல்ல.

எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதற்கும் 72 மணி நேரம்தான் கெடு. அதற்குள் தொடங்கி 28 நாள் மருந்து சாப்பிட வேண்டும். கிளமிடியா போன்ற பாலியல் தொற்றுகள் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது, பரிசோதனையில்தான் தெரியும். அப்படி வருகிறவர்களிடம் முதல் கேள்வியாகத் துறை எது என்று கேட்டால் அவர்கள் எப்படி வருவார்கள்?

கெட்டுப்போவார்கள் என்று எழுதியவருக்கு ஒன்று. நியூயார்க் நகரப் பொது உயர்நிலைப் பள்ளிகளில் 1991-இல் ஆணுறை கொடுக்க ஆரம்பித்தார்கள். கொடுக்காத சிகாகோ பள்ளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 1997-இல் வெளிவந்தது. உறவில் ஈடுபடும் மாணவர் விகிதம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆணுறை போட்டுக்கொண்டவர்கள் நியூயார்க்கில் அதிகம். இன்னொரு பக்கம், உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 42 நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கை 2024-இல் வெளியிட்டது. உறவில் ஈடுபட்டவர்களில், கடைசித் தடவை ஆணுறை பயன்படுத்தியதாகச் சொன்ன பையன்கள் 2014-இல் 70 சதவீதம், 2022-இல் 61 சதவீதம். பெண்களில் 63 சதவீதம் 57 ஆகியிருக்கிறது. பிள்ளைகள் உறவை விட்டுவிடவில்லை, உறையைத்தான் விட்டிருக்கிறார்கள்.

கடைசியாக உங்களிடமும் ஒரு குறை. உங்கள் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ‘தகுந்த பாதுகாப்புடன்’ என்று போடுகிறீர்கள். படிக்கிற பையனுக்கு அது ஹெல்மெட்டா ஆணுறையா என்று எப்படித் தெரியும்? போன மாதம் பழைய மருத்துவ அறைக்குப் போயிருந்தேன். மரமாதிரியைப் புதிதாக வந்தவர் பீரோவின் மேல்தட்டில், உங்கள் நாளிதழில் சுற்றி வைத்திருக்கிறார். கழிப்பறைப் பெட்டி காலி. நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் போய்ப் பார்ப்பேன்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தைக் குறைக்க வேண்டி வந்தால் பலூன் கதையை எடுத்துவிடுங்கள், பரவாயில்லை. கிழிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எங்கே போக வேண்டும் என்ற பகுதியை மட்டும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரிச் செவிலியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம். பழைய மாணவர்களின் தலைவலிகள் என்னோடு இருக்கட்டும்.)